குடிக்காதவனின் தள்ளாட்டம்

நான் குடிக்கிறேன் என்று எங்கள் சந்தில் முதலில் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் மேல் கோபமும் இல்லை. தாராவியில் நாங்கள் இருக்கும் சந்தில் எதிரே ஓர் ஆள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் தினமும் இரண்டு பக்கச் சுவரையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு வருகிறான். கால்களை அகட்டி வைத்து நடக்கிறான். பேச்சு குழறுகிறது. பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நான் கூட்டத்தில் பேசத் தெரியாத ஆள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். அதன்பின் பெல்ட் செய்யும் பட்டறையில்தான் என் காலம் போனது. இதைப் போனில் ஒரு விரலால் அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். என்னைப்போல் தள்ளாடுகிறவர் யாராவது இருந்து, அவர் வீட்டில் யாராவது இதைப் படித்தால் போதும்.

முதலில் கையில்தான் தெரிந்தது. பெல்ட்டில் ஓட்டை போடுவது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் ஓட்டைகள் ஒரே கோட்டில் விழும். அது கோணலாக விழ ஆரம்பித்தது. முதலாளி ஒரு பெல்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மீரான், இது பெல்ட்டா, பாம்பு போன தடமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். புதுக் கண்ணாடி போட்ட பிறகு கீழே பார்த்தால் தரை மேலும் கீழும் ஆடியது. கண்ணாடிக்காரரைத் திட்டிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஜமாஅத்தைச் சேர்ந்த செய்யது காக்கா என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், என்னைவிடப் பெரியவர், அதனால் காக்கா, அதாவது அண்ணன்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாத. நாலு பேரு நாலு விதமா பேசுதாங்க. தொழுகையில நிக்கும்போதே ஆடுதியாமே. உனக்கு ஏதும் பழக்கம்..."

 பயமோ வெட்கமோ வந்தால் என் நாக்கு இன்னும் மோசமாகும். "இல்ல காக்கா, சத்தியமா இல்ல" என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வந்தது எனக்கே குடிகாரன் பேச்சு போலத்தான் கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டிலும் அந்தப் பேச்சு வந்து சேர்ந்தது. என் மனைவி செய்தூன் எதையும் நேராகக் கேட்க மாட்டாள். சோறு வைக்கும்போது குனிந்து என் வாய்ப்பக்கம் மூச்சை இழுத்துப் பார்ப்பாள். நான் தெரியாததுபோல் இருப்பேன். வாடை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மறுநாளும் மோந்து பார்ப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அப்போதுதான் எங்கள் ஒரே மகள் ரிஸ்வானாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். மும்பையிலேயே சீத்தா கேம்ப்பில் நல்ல குடும்பம். பையன் ஏசி மெக்கானிக். ரிஸ்வானாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பெண்ணின் தகப்பன் குடிக்கிறான் என்ற பேச்சு தாராவியிலிருந்து சீத்தா கேம்ப்புக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

எங்கள் வீடு மாடியில். சந்திலிருந்து செங்குத்தாக இரும்பு ஏணி. எல்லோரும் இறங்குவதுபோல ஏணியைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்த நான், யாரோ கூப்பிட்டதும் தலையைத் திருப்பினேன். அவ்வளவுதான். கீழே கிடந்தேன். தோள் எலும்பு முறிந்து, நெற்றி கிழிந்திருந்தது. தூக்க வந்தவர்களில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதும் காதில் விழுந்தது. "பகல்லயே ஆரம்பிச்சிட்டாரு போல."

பெரிய ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தையல் போட்ட இளைஞர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "தாரூ பியா க்யா, சாச்சா?" குடித்தீர்களா என்று இந்தியில். நான் தலையை ஆட்டி மறுத்தேன். தலையை ஆட்டியதில் எனக்குச் சுற்றியது. சாய்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே கேஸ் பேப்பரில் ஏதோ எழுதினார்.

என்னைச் சேர்த்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நிஜமாகவே குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவர். விக்ரோலியில் கம்பெனியில் வேலை பார்த்த சேலத்துக்காரர். நான் கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு, வாஞ்சையோடு கேட்டார்:

"நீங்க எந்தக் கடைங்க?"

"நான் குடிக்கிறதில்லீங்க."

"நானும் இங்க வந்த அன்னிக்கு அதையேதான் சொன்னேன்" என்றார்.

வார்டில் துடைக்கிற அம்மாவை எல்லோரும் மௌசி என்பார்கள். மராத்தியில் சித்தி. அந்த மௌசிதான் முதலில் என்னை நம்பினாள். பல வருடம் குடிகாரர்களின் வாந்தியை அள்ளியவள். "இந்த ஆள் குடிக்கிறவன் இல்லை. குடிக்கிறவன் காலையில் சரியாக நடப்பான், இவன் காலையிலும் ஆடுகிறான்" என்று அவள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் சொன்னாள். அதற்காக அல்ல, என் கண் ஆடுவதை அவரே பார்த்ததால்தான் நரம்பு டாக்டரைக் கூப்பிட்டார்கள். ஆனாலும் அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

நரம்பு டாக்டர் சின்னப் பெண். செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். "எனக்குத் தமிழ் பேசத்தான் வரும் அங்கிள், படிக்கத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மூக்கைத் தொட்டு அவள் விரலைத் தொடச் சொன்னாள். என் விரல் அவள் விரலைத் தாண்டிப் போனது. ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் முழங்காலில் வைத்துக் கீழே வரை கோடு இழுக்கச் சொன்னாள். கால் வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியாகத் தரையில் டைல்ஸ் சேரும் கோட்டின் மேல், குதிகாலும் விரலும் தொடும்படி நடக்கச் சொன்னாள்.

சேலத்துக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "டாக்டரம்மா, இது போலீஸ்காரன் வெக்கிற டெஸ்ட்டுங்க. இதுல நானே பாஸ் பண்ணதில்ல!"

வார்டே சிரித்தது. நான் இரண்டாவது அடியிலேயே சாய்ந்தேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"அங்கிள், குடிச்சா மூளையில எந்த இடம் தடுமாறுமோ, அந்த இடந்தான் உங்களுக்குத் தானாவே கெட்டுப் போயிண்டிருக்குன்னு நெனைக்கறேன். அதனாலதான் பாக்கறவாளுக்கு அப்படித் தோண்றது."

குடிகாரன் நடையும் என் நடையும் ஒன்றுபோல் தெரிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அன்றுதான் ஒருவர் எனக்குச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எம்.ஆர்.ஐ. எடுக்கக் காத்திருந்ததும், அந்தக் குழாய்க்குள் சம்மட்டி அடிப்பதுபோல் சத்தம் கேட்டதும் பலரும் அறிந்தவைதான். செலவைப் பற்றியும் எழுதப் போவதில்லை. பட்டறைக்காரர்கள் உதவினார்கள், அவ்வளவு போதும். படத்தில் என் சிறுமூளை சுருங்கியிருந்தது. பின்னந்தலையில், கழுத்துக்கு மேலே இருப்பது சிறுமூளை. நடை, பேச்சு, கண், கை எல்லாவற்றையும் சேர்த்து ஒழுங்காக ஓட்டுவது அதுதானாம்.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்ததா? உங்க அப்பா, அம்மாவுக்கு?" என்று டாக்டர் கேட்டாள்.

"இல்லம்மா. உம்மா நல்லாத்தான் இருந்தாங்க. வாப்பாவுக்கு... அவங்களுக்குக் குடிப் பழக்கம் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் என் வார்த்தை என் காதிலேயே விழுந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் தாணேயில் இருக்கும் என் லாத்தாவுக்கு, என் அக்காவுக்கு, போன் செய்தேன். வாப்பா இறக்கும்போது எனக்கு விவரம் தெரியாத வயது.

"லாத்தா, வாப்பா கடைசியில எப்படி நடந்தாங்க?"

"இப்ப எதுக்குல அந்தப் பேச்சு? அவுக ஆடி ஆடித்தான் நடந்தாக. ஊரே பார்த்துச்சே."

"வாயில வாடை அடிச்சுதா? நீ என்னைக்காவது மோந்திருக்கியா?"

லாத்தா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. 

"இல்ல தம்பி" என்றாள். "ஒரு நாளும் இல்ல. உம்மா அப்பவே சொன்னாக, 'இந்த மனுசன் எங்கன போய்க் குடிக்காருன்னே தெரியல, பாட்டிலும் இல்ல, வாடையும் இல்ல'ன்னு. மறைச்சுக் குடிக்காருன்னு பெரியாப்பா சொன்னாக. குர்ஆன் மேல சத்தியம் பண்ணச் சொன்னாக. வாப்பா பண்ணுனாக. நாக்கு குழறுச்சு. சத்தியத்தக்கூட போதையில பண்ணுதான்னு எந்திரிச்சுப் போயிட்டாக."

அத்தோடு போனை வைத்துவிட்டாள். வாப்பாவின் ஜனாஸாவுக்கு, அடக்கம் செய்யும் அன்று, பெரியாப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது தோளுக்குப் பட்டைக் கட்டோடு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். முடிவைக் கேட்க நான், செய்தூன், ரிஸ்வானா மூவரும் போனோம். டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் சின்னச் சின்ன வாசல்கள். கால்சியம் உள்ளே போக மட்டும் என்று தனி வாசல்கள் உண்டு. நரம்பு செல்லுக்கு ஒரு செய்தி வந்தால் அந்த வாசல் கண் சிமிட்டும் நேரம் திறந்து மூடும். உள்ளே போகும் கால்சியம்தான் செல்லுக்கு வேலை சொல்கிறது. அதோடு நிற்பதில்லை. செல்லின் நடுவில் உட்கரு இருக்கிறது. உடம்பைச் செய்து பராமரிக்கத் தேவையான குறிப்புகள், அதாவது ஜீன்கள், அங்கேதான் இருக்கின்றன. எல்லாக் குறிப்பையும் செல் எப்போதும் படிப்பதில்லை. வேண்டியபோது வேண்டியதை மட்டும் நகல் எடுத்துக்கொள்ளும். அதற்குப் படியெடுத்தல் என்று பெயர். எதைப் படியெடுக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்ற தகவல், வாசலில் நுழைந்த கால்சியத்திலிருந்து கைமாறிக் கைமாறி உட்கருவுக்குப் போகிறதாம்.

இந்த இடத்தில் செய்தூன் குறுக்கிட்டாள். "அப்ப இனிமே பால் குடுக்கக் கூடாதாம்மா? வெத்தலைக்குச் சுண்ணாம்பு?"

கால்சியம் என்ற வார்த்தையை, முதல்நாள் டாக்டர் வரச் சொன்ன போனிலேயே கேட்டுவிட்டு அவள் எனக்குக் கடுங்காப்பி போட ஆரம்பித்திருந்தாள். மீன் முள்ளைக்கூட ஒன்று விடாமல் எடுத்துவிட்டுத்தான் வைத்தாள்.

டாக்டர் சிரித்தாள். "பால் தாராளமாக் குடுங்கோ மாமி. தப்பு சாப்பாட்டுல இல்ல. வாசலைக் கட்டற குறிப்புல இருக்கு."

அந்த ஒரே குறிப்பிலிருந்து இரண்டு பொருள்கள் வருகின்றன. ஒன்று அந்த வாசல். இன்னொன்று, அந்தக் குறிப்பின் வால்பகுதியிலிருந்து வரும் சின்னப் புரதம். அது வாசலில் நிற்காமல் நேராக உட்கருவுக்குள் போய், சிறுமூளை வளரத் தேவையான மற்ற ஜீன்களைப் படியெடுக்க வைக்கிறது. எனக்கு அந்த வாலில்தான் கோளாறு. அங்கே மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எனக்கு அவை அளவுக்கு மீறி வந்து நீண்டுவிட்டன. பட்டறை ஞாபகம் வந்தது. ஒரே தோலில்தான் பெல்ட்டையும் வெட்டுவோம், பெல்ட்டின் நுனியைச் செருகும் சின்ன வளையத்தையும் வெட்டுவோம். தோலின் கடைசியில் பழுது இருந்தால் பெல்ட் ஓரளவு பிழைத்துக்கொள்ளும், வளையம் கெட்டுவிடும். நான் இதைச் சொன்னதும், கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள் டாக்டர். சிறுமூளை ஏன் சுருங்குகிறது என்பது இன்னும் முழுதாகத் தெரியாது, அந்தச் சின்னப் புரதத்தின் மேல்தான் பலருக்குச் சந்தேகம் என்றும் சொன்னாள். மருந்து இல்லை. தலைசுற்றலைக் குறைக்க மாத்திரை, விழாமலிருக்கப் பயிற்சி. உடனே உயிரைக் கொண்டுபோகும் நோய் அல்ல. மெதுவாகக் கூடிக்கொண்டே போகும்.

"உங்க அப்பாகிட்டேர்ந்துதான் வந்திருக்கணும்" என்றவள், ரிஸ்வானாவின் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "இது ஒவ்வொரு குழந்தைக்கும் போறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தாலும் அப்பா வயசுலதான் தெரியும். டெஸ்ட் பண்ணிக்கறதும் வேண்டாங்கறதும் உன் இஷ்டம். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. நானும், உன் அம்மாவும், யாருமே."

ரிஸ்வானா துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். 

சந்துக்குத் திரும்பும் வழியிலேயே செய்தூன் முடிவு செய்துவிட்டாள். "கல்யாணம் முடியுற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாது. குடிக்காருன்னு சொல்லுதாங்களா, சொல்லட்டும். குடிகாரன் மகளக் கட்டுறதுக்கு ஆளு இருக்கு. நோயாளி மகள யாரு கட்டுவா?"

 அவள் சொன்னது உண்மைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளையின் வாப்பா காதர் மைதீன் ஆப்பிள் பையோடு எங்கள் ஏணியில் ஏறி வந்தார். நல்ல மனிதர். வந்தவுடன் என் கட்டைத் தொட்டுப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"சம்பந்தி, நான் சுத்தி வளைக்கல. எங்க காதுக்கும் விசயம் வந்துச்சு. என் சொந்தத் தம்பியே ஒரு காலத்துல குடிச்சவன்தான். இப்ப அஞ்சு வேளையும் தொழுகுதான். மனுசன் திருந்த மாட்டானா? எனக்கு நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இனிமே தொட மாட்டேன்னு. நாளைக் குறிச்சிருவோம்."

அடுப்படித் திரைக்கு அந்தப் பக்கம் செய்தூன் நின்றாள். அவள் கண்கள் தெரிந்தன. சொல்லிடுங்க என்றன.

சொல்வதற்கு எளிதான வார்த்தை. தொடாததைத் தொட மாட்டேன் என்று சொல்வதில் பொய்கூட இல்லை. என் மகளின் கல்யாணம் அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வாய் திறந்தேன். எதிரே இருந்தவர் என்னை அவ்வளவு பரிவோடு பார்த்தார். நாளை இவருடைய பேரப்பிள்ளை பெல்ட்டில் கோணலாக ஓட்டை போட்டால், இவருக்கு யார் பதில் சொல்வது? நாக்கு புரளவில்லை. 

"மாமா" என்று ரிஸ்வானா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "வாப்பா குடிச்சதே இல்ல. அவங்களுக்குச் சிறுமூளையில வியாதி. எங்க தாத்தாவுக்கும் அதுதான் இருந்திருக்கு. ஜீன்ல வர்றது. எனக்கும் வரலாம், வராமயும் இருக்கலாம். ஃபிஃப்டி ஃபிஃப்டி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எதிரே வைத்திருந்த டீயை அவர் தொடவில்லை. எழுந்து, என் நல்ல கையைப் பிடித்து, "அல்லாஹ் லேசாக்குவான்" என்றார். ஏணியில் இறங்கும்போது ஒருமுறை நின்றார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

"வாயை மூடிக்கிட்டு இருந்தா என்னளா?" என்று செய்தூன் அவளைப் பிடித்து உலுக்கினாள். "அவரே கேட்டாரே! ஒத்த வார்த்தைதானே கேட்டாரு!"

"உம்மா, நாளைக்கு அந்த வீட்டுல நான் தள்ளாடுனா, அப்ப என்னன்னு சொல்லுவிய? நானும் குடிக்கேன்னா?"

செய்தூன் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பையனுக்கு வெளிநாட்டில் வேலை தேடுகிறோம், இப்போது கல்யாணம் வேண்டாம் என்று சில நாட்களில் போன் வந்தது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தப் பையன் ஒருமுறை ரிஸ்வானாவுக்குப் போன் செய்தான் என்று தெரியும். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

விஷயம் சந்துக்கு வந்தது. செய்யது காக்கா வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பள்ளிவாசலில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். சந்தில் நான் வருவதைப் பார்த்தால் எதிரே வருகிறவர்கள் ஓடிவந்து கை கொடுக்கிறார்கள். இப்போது நான் குடிக்கிறேன் என்று யாரும் நினைப்பதில்லை. அந்த நல்ல பெயரை என் மகள் தன் கல்யாணத்தைக் கொடுத்து வாங்கித் தந்திருக்கிறாள். ஒவ்வொரு கையையும் பிடிக்கும்போது எனக்கு அது தெரிகிறது. வாப்பாவுக்கு இப்படிக் கை கொடுக்க ஒருவரும் இல்லை என்பதும் தெரிகிறது.

பரிசோதனை செய்துகொள்ளப் போகிறாயா என்று ஒருநாள் ரிஸ்வானாவிடம் கேட்டேன்.

"வேணாம் வாப்பா. தெரிஞ்சா தினமும் என் காலையே பாத்துக்கிட்டு இருப்பேன்."

அவளுக்காக வேறு ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் ஏணியில் இறங்கும்போது பார்க்கிறேன். குடம் தூக்கும்போது பார்க்கிறேன். ஊசியில் நூல் கோக்கும்போது பார்க்கிறேன். அவள் வயதில் இந்த நோய் இருந்தாலும் வெளியே தெரியாது என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது. இருந்தும் பார்க்கிறேன்.

போன வாரம் நடைப் பயிற்சிக்கு அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். நல்ல வெயில். என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வேலையிடத்தில் யாரோ செய்த கூத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். சாக்கடை மூடியைத் தாண்டிய இடத்தில் சட்டென்று அவள் கால் இடறியது. ஓர் எட்டுத் தள்ளாடி, சமாளித்து நின்றாள்.

இரண்டு பேரும் நின்றோம்.

"கல்லு வாப்பா" என்றாள். "கல்லு இருக்கு."

நான் கீழே பார்த்தேன். கீழே பார்த்தால் என் கண்ணுக்கு எல்லாமே ஆடும். எது கல், எது நிழல் என்று பிரிக்க முடியவில்லை. அவள் தோளைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, கையால் தரையைத் தடவினேன். புழுதி. ஒரு பாட்டில் மூடி. அப்புறம் விரலில் தட்டுப்பட்டது. மண்ணில் பாதி புதைந்த, கூரான, நல்ல பெரிய கல்.

"இருக்கும்மா" என்றேன். "கல்லு இருக்கு."

அவள் என்னைத் தூக்கி நிறுத்தினாள். இருவரும் நடந்தோம்.